சின்னப்பாவின் பதிலுக்குக் கிடைத்த பட்டம்

எங்கள் பள்ளிக்கூடத்து இளம் ஆசிரியர்கள் இரண்டு பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். காலஞ்சென்ற தாமோதரன் மாஸ்டருக்குப் படத்திறப்பு விழாவாம், அதையொட்டி ஒரு மலர் போடுகிறார்களாம். வரலாறும் தத்துவமும் படித்து எங்கள் பள்ளியில் முதன்முதலாக பி.ஏ. பட்டம் வாங்கிய தமிழர் அவர். அவரோடு கூடப் படித்தவன், கூட வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் ஒரு கட்டுரை தர வேண்டுமாம். “நாலு நல்ல வார்த்தை எழுதுங்க மாஸ்டர், போதும்” என்றார் அவர்களில் மூத்தவர்.

எழுதுகிறேன். ஆனால் நாலு வார்த்தையில் அடங்காது, நல்ல வார்த்தையும் கையில் அதிகம் இல்லை. இப்போது சிங்கப்பூரிலேயே பல்கலைக்கழகம் வந்துவிட்டது. பிள்ளைகள் காலையில் பஸ் ஏறிப் பாலம் தாண்டிப் போய், பேராசிரியர் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டுவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுகிறார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும். எங்கள் காலத்தில் அந்தப் பட்டத்தை யார் எப்படி வாங்கினார்கள், யாரிடமிருந்து வாங்கினார்கள் என்பதை ஒருவராவது சொல்லியாக வேண்டும். மூன்று பேராகச் சேர்ந்து படித்தோம், மற்ற இருவரும் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவன் நான்தான்.

நான் ஜொகூர் பாருவில் அந்த ஆங்கிலப் பள்ளிக்கு வேலைக்குச் சேர்ந்தபோது பாலம் இல்லை, சிங்கப்பூருக்குப் படகில்தான் போக வேண்டும். பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான சீனியர் தேறியிருந்தேன். பகலில் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பிப்பேன். வாரக் கடைசியில் நார்மல் வகுப்பில் நானே பிள்ளையாக உட்காருவேன். ஆசிரியர் பயிற்சி என்றால் அந்தக் காலத்தில் அதுதான். அதை நடத்தியவர் எங்கள் தலைமையாசிரியர் பிரெஸ்காட் துரை. முதல் உலகப் போரில் ஒரு காலில் காயம் பட்டவர், எப்போதும் கையில் ஒரு பிரம்புத் தடி இருக்கும்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவர் கத்த மாட்டார், அடிக்க மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். யாரையும் உட்காரச் சொல்லவும் மாட்டார். ‘நான்’ என்று சொன்னதே கிடையாது, எல்லாம் ‘நாம்’தான். “நாம் இதை மறுபடியும் செய்வோம்” என்றால் நீ செய் என்று அர்த்தம். ஒரு விஷயத்தை முடிவு செய்துவிட்டால் பைக் கடிகாரத்தை எடுத்துச் சாவி கொடுப்பார். சாவி கொடுத்த பிறகு சக்கரவர்த்தியே வந்து கேட்டாலும் பேச்சு மாறாது. அந்தக் கடிகாரத்தின் கிர் கிர் சத்தம் இன்றைக்கும் எனக்குக் குமட்டலைத் தரும்.

நார்மல் வகுப்பில் அவர் படிப்பித்த முறையும் முக்கியம். ஒரு கேள்வி சொல்வார். அதற்கு அவரே மாதிரி விடை ஒன்று சொல்வார். நாங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த வாரம் ஒவ்வொருவராக எழுந்து நின்று அதை ஒப்பிக்க வேண்டும். ஒரு சொல் மாறினால், “நம்முடைய சொல் அது இல்லை” என்று தடியால் தரையை ஒரு தட்டுத் தட்டுவார். வாக்கியம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே மூச்சும் நிற்க வேண்டும். அவர் சொன்னதையே அவருக்குத் திருப்பிச் சொல்வதுதான் கல்வி என்று எங்கள் தலையில் அடித்து ஏற்றியவர் அவர். இதை வாசிக்கிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

தாமோதரன் எனக்கு ஒரு வருஷம் பின்னால் சேர்ந்தார். ஒரு பெரிய தோட்டத்துப் பெரிய கிராணியின், அதாவது தலைமை எழுத்தரின், மகன். வெள்ளை வெளேரென்று உடுப்பு, வாரி விட்ட தலை, முத்து முத்தான கையெழுத்து. ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே திருப்பிச் சொல்லும் ஞாபகம். நார்மல் வகுப்பில் துரையின் தடி தரையைத் தட்டாமல் ஒப்பித்த ஒரே ஆள் அவர்தான். நல்ல மனிதர்தான், அப்போது. என் மனைவிக்குக் காய்ச்சல் கண்டபோது ரிக்‌ஷா பிடித்துக் கொண்டுவந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவர் அவர். அதையும் நான் மறைக்கவில்லை.

பட்டப் படிப்பு யோசனையை முதலில் எடுத்தது நாங்கள் இருவரும் அல்ல, சின்னப்பா. செடெனாக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் சின்னக் கிராணி. கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். தாயும் தகப்பனும் பால்மரம் வெட்டியவர்கள். ஒரு பாதிரியார் பார்வையில் பட்டு ஆங்கிலப் பள்ளியில் படித்து மேலே வந்தவர். என்னை விட இரண்டு வயது மூத்தவர். இலண்டனில் ஒரு பல்கலைக்கழகம், அந்தப் பக்கமே வராத வெளிமாணவர்களும் வீட்டிலிருந்து படித்துப் பரீட்சை எழுதலாம் என்று வைத்திருந்தது. அதற்கு முன் எழுத வேண்டிய நுழைவுப் பரீட்சையை அவர் எங்களுக்கு முன்பே எழுதித் தேறியிருந்தார். அந்தப் பரீட்சை எங்கள் பள்ளி மண்டபத்தில் நடந்தது, மேசை போடப் போன எங்களுக்கு அவரோடு அங்கேதான் பழக்கம். “மூணு பேராச் சேந்தா புத்தகம் வாங்கலாம் மாஸ்டர். தனியா ஒருத்தன் படிச்சா பைத்தியம்தான் பிடிக்கும்” என்றார். வரலாறும் தத்துவமும் என்று பாடம் தேர்ந்ததும் அவர்தான். ஏன் என்று கேட்டேன். நடந்தது என்ன என்று ஒன்று சொல்லும், நடந்தது சரியா என்று மற்றது கேட்கும், இரண்டும் சேராமல் ஒன்றை மட்டும் படித்து என்ன செய்வது என்றார்.

செடெனாக்கிலிருந்து அவர் ரயிலில் இறங்கி வருவார். ஜொகூர் பாருவிலிருந்து நாங்கள் ஏறிப் போவோம். நடுவில் கூலாய். ஸ்டேசனுக்கு எதிரே சேகு காக்கா என்ற முஸ்லிம் பெரியவரின் சாப்பாட்டுக் கடை. பின்பக்கம் அரிசி மூட்டை அடுக்கிய அறையில் ஒரு மேசை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அங்கேதான் எங்கள் பல்கலைக்கழகம். ஆளுக்கு ஒரு தேநீரும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு மாலை ரயில் வரைக்கும் உட்கார்ந்திருப்போம். காக்கா எட்டிப் பார்த்து, “படிச்சு முடிச்சா இந்த மேசைக்கும் ஒரு பட்டம் வாங்கிக் குடுங்க லா” என்பார்.

நாங்கள் படித்த விதம் வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதிதான் எங்களிடம். கப்பலில் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். ஒருவர் உரக்க வாசிப்பார், மற்ற இருவரும் கேட்போம். பிறகு கேள்விகளைப் பங்கு பிரிப்போம். வரலாற்றுக்கு விடை தயாரிப்பது என் பங்கு. தர்க்கமும் அறநூலும் சின்னப்பா பங்கு. அவருக்கு உட்கார்ந்து எழுத வராது. எழுந்து மூட்டைகளுக்கு நடுவே நடப்பார், நடந்துகொண்டே ஆங்கிலத்தில் விடையைச் சொல்வார். அழித்துச் சொல்வார், திரும்பவும் சொல்வார். கடைசியில் சரியாக வந்ததும் தாமோதரன் தன் முத்துக் கையெழுத்தில் எழுதுவார். பிறகு அதை மூன்று பேரும் மனப்பாடம் செய்வோம், ஒரு சொல் பிசகாமல். துரை கற்றுக்கொடுத்த பழக்கம்தானே. நல்ல விடை ஒன்று கிடைத்துவிட்டால் அதையே மூன்று பேரும் எழுதுவதில் தப்பு இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. வாய்ப்பாட்டை யார் சொன்னாலும் ஒன்றுதானே என்பது எங்கள் நினைப்பு.

அப்படித் தயாரித்த விடைகளில் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே. பிறர் ஏவிச் செய்த செயலுக்கு ஒருவன் எவ்வளவு பொறுப்பு என்பது கேள்வி. புத்தகத்தில் கப்பல் தலைவன், போர்வீரன் என்று உதாரணங்கள் இருந்தன. சின்னப்பா அவற்றைத் தள்ளிவிட்டார். தோட்டத்திலிருந்து ஒன்று எடுத்தார். பால் அதிகம் வேண்டும் என்று, வெட்டு வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் பட்டையை ஆழமாக வெட்டச் சொல்கிறார். அப்படி வெட்டினால் மரத்தின் உள்சதையில் காயம் விழும், பிறகு அந்த இடத்தில் நல்ல பட்டை வளராது என்று வெட்டுகிறவனுக்குத் தெரியும். தெரிந்தும் வெட்டுகிறான். காயத்துக்குப் பொறுப்பு யார்? சொன்னவர் பாதி, வெட்டியவன் பாதி என்றார் சின்னப்பா. கத்தி பிடித்த கை அவனுடையது, மாட்டேன் என்று சொல்ல வாயும் அவனுக்கு இருக்கிறது என்று முடித்தார். ஆங்கிலத்தில் அது அருமையாக வந்தது. தாமோதரன் பேனாவை வைத்துவிட்டு, “இதக் கேட்டானுங்கன்னா நாம தப்பிச்சோம்” என்றார். அவர் பால்மரக் கத்தியைத் தொட்டுப் பார்த்தவர்கூட இல்லை.

பரீட்சை எங்கள் பள்ளி மண்டபத்திலேயே நடந்தது. மேற்பார்வை பிரெஸ்காட் துரை. அந்த விஷயத்தில் அவர் மாதிரி ஆள் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். மேசைகளை ஆட்கள் போட்ட பிறகு தன் தடியைப் படுக்க வைத்து ஒவ்வொரு இடைவெளியையும் தானே அளந்தார். மையையும் அதை ஒற்றும் தாளையும் அவரே கொடுத்தார். கேள்வித்தாள் உறையின் அரக்கு உடையாமல் இருப்பதை எங்கள் மூவரிடமும் காட்டிவிட்டுத்தான் கிழித்தார். எழுதி முடித்ததும் விடைத்தாள்களை எங்கள் கண் முன்னால் அடுக்கி, நூல் கட்டி, மெழுகுவத்தியில் அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். அது ஆறும் வரை யாரையும் நகர விடவில்லை. அந்த மண்டபத்தில் ஒருவன் மற்றவன் தாளைப் பார்க்க வேண்டுமானால் கழுத்து ஒட்டகத்துக்கு இருப்பது போல இருக்க வேண்டும்.

எங்கள் கேள்வி வந்தது. மூன்று பேரும் எழுதினோம். மாலையில் காக்கா கடைக்குப் போய் மூன்று பேரும் ஆட்டுக்கறி சாப்பிட்டோம்.

விடைத்தாள் கப்பலேறிப் போய்த் திருத்தி முடிவு வருவதற்குள் பல மாதம் ஓடிவிட்டது. அதற்குள் சின்னப்பாவின் தோட்டத்தில் ஒரு காரியம் நடந்தது. வீரன் என்ற ஒரு வெட்டுக்காரர், ஆழமாக வெட்ட மாட்டேன் என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டார். இளைய மரங்கள், செத்துப் போகும் என்றாராம். மறுநாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லார் பேரையும் கூப்பிட்டார்கள், அவர் பேரைக் கூப்பிடவில்லை. மத்தியானத்துக்குள் அவரும் மனைவியும் பிள்ளைகளும் பானை சட்டியோடு செம்மண் ரோட்டில் நின்றார்கள். தோட்டத்துத் துரை உத்தரவு போட்டார். பெயர்ப்பட்டியலில் வீரன் பேரை அடித்தது சின்னக் கிராணி சின்னப்பா.

அடுத்த ஞாயிறு அவர் கூலாய்க்கு வந்தபோது தேநீர் ஆறிப் போகும் வரை தொடவில்லை. “நான் எழுதினது தப்பு மாஸ்டர். மாட்டேன்னு சொல்ல வாய் இருக்குன்னு எழுதிட்டேன். அந்த வாய்க்கு என்ன கதின்னு எழுதல” என்றார். பிறகு எழுந்து நடக்க ஆரம்பித்தார். பரீட்சைதான் முடிந்துவிட்டதே, இனி எதற்கு மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள் என்று தாமோதரன் கேட்டார். சின்னப்பாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை என்று நினைக்கிறேன். அவர் பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தார்.

முடிவு வருவதற்குப் பதிலாக பிரெஸ்காட் துரைக்கு இலண்டனிலிருந்து கடிதம் வந்தது. மூன்று பேரும் மற்றப் பாடங்களில் தேறிவிட்டோம். ஆனால் தத்துவத் தாளில் ஒரு விடை மூன்று பேரிடமும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருக்கிறது. புத்தகத்தில் உள்ளதாக இருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, மிக நல்ல விடையும்கூட. மேற்பார்வையாளர் விசாரித்து அது யாருடைய சொந்த விடை என்று எழுத வேண்டும். அவருக்குப் பட்டம். மற்ற இருவரின் பரீட்சை தள்ளுபடி. அவர்கள் மறுபடி எழுத வேண்டுமானால் மேற்பார்வையாளரின் நன்னடத்தைச் சான்று வேண்டும்.

துரை எங்கள் மூவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. கடிதத்தை வாசித்துக் காட்டிவிட்டு, விடை யாருடையது என்று கேட்டார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நான் நினைத்தேன். என் விடை இல்லை என்பது எனக்குத் தெரியும், ஆகவே எனக்குப் பட்டம் இல்லை என்பதும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் சின்னப்பாவுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் தாமோதரன், “என்னுடையது, ஐயா” என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. துரைக்குப் பின்னால் சுவரில் இருந்த தேசப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னப்பாவும் அவரைப் பார்த்தார். கோபமாக அல்ல, ஏதோ கணக்கு ஒன்று தப்பாக வந்துவிட்டது போலப் பார்த்தார்.

பொய் என்றேன் நான். விடை சின்னப்பாவுடையது, அவர் சொல்லச் சொல்ல தாமோதரன் எழுதினார், இதைச் சொல்வதால் எனக்கு ஒரு லாபமும் இல்லை, யாருக்கு விழுந்தாலும் எனக்குப் பட்டம் போனது போனதுதான் என்றேன். துரை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். எழுதிய தாள் இருக்கிறதா என்றார். தாமோதரன் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவர் கையெழுத்துத்தானே, முத்து முத்தாக இருந்தது. தயாராகக் கொண்டு வந்திருந்தார். கடிதம் வந்த சேதி பள்ளி எழுத்தர் மூலம் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

“நாம் இதை எளிதாகத் தீர்த்துவிடலாம்” என்றார் துரை. மூவரும் அந்த விடையை ஒருமுறை சொல்ல வேண்டுமாம். எழுதியவனுக்குத் தன் சொல் மறக்காதாம்.

தாமோதரன் ஒப்பித்தார். என்ன சொல்ல, ஒரு மூச்சுப் பிசகவில்லை. நான் ஒப்பித்தேன், கோபத்தில் இரண்டு இடத்தில் தடுமாறினேன். அடுத்தது சின்னப்பா. அவர் முதல் இரண்டு வாக்கியம் சொன்னார், நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தச் சின்ன அறையில் ஓரடி நடந்தார். சொல்லுங்கள் சின்னப்பா, இன்றைக்கு ஒருநாள் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லிவிடுங்கள் என்று நான் உள்ளுக்குள் கதறிக்கொண்டிருந்தேன்.

அவர் ஆங்கிலத்தில்தான் பேசினார். நான் தமிழில் தருகிறேன். “ஐயா, இதற்கு மேல் உள்ளதை என்னால் சொல்ல முடியும். ஆனால் அது சரியல்ல. மாட்டேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்பதையும் ஏவுகிறவரே முடிவு செய்கிறார். அப்படியானால் அந்தப் பயமும் ஏவலில் ஒரு பகுதி. பாதி பொறுப்பை வெட்டியவன் தலையில் வைத்தது தப்பு. ஆனால் அவனுக்குப் பொறுப்பே இல்லை என்று சொன்னால் அவனையும் ஒரு கத்தியாக்கிவிடுகிறோம். கத்திக்குத்தான் பொறுப்பு இல்லை. அவன் மனிதன். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மறுபடி எழுதினால் வேறு மாதிரி எழுதுவேன்.”

நான் நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக வகுப்பறையில் நின்றவன். ஒரு விடையை உண்டாக்கியவன் யார் என்பதற்கு இதை விடப் பெரிய சாட்சியம் நான் கண்டதில்லை. எங்கே ஓட்டை என்று அவனுக்குத்தான் தெரியும், ஏனென்றால் அவன்தான் அதைக் கட்டினான். மனப்பாடம் செய்தவனுக்கு எல்லாச் சொல்லும் ஒன்றுதான். இது படிக்காதவனுக்குக்கூட விளங்கும். தத்துவத்துக்குப் பரீட்சை நடத்த வந்த மனிதருக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்வதுகூட நான் அவருக்குச் செய்யும் மரியாதை. நன்றாகவே விளங்கியது என்றுதான் நினைக்கிறேன். தன் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு பி.ஏ. என்றால் அவருக்குப் பெருமை. தோட்டத்துக் கிராணி ஒருவருக்கு பி.ஏ. என்றால் அவருக்கு என்ன?

“தன் விடையைத் தானே மறுக்கிறவன் அதை எழுதியவனாக இருக்க முடியாது” என்றார் துரை. கடிகாரத்தை எடுத்தார். கிர் கிர் என்று சாவி கொடுத்தார்.

நான் கத்தினேன். அந்த அறையில் ஒரு ஆசிரியன் கத்தியது அதுதான் முதல் முறை. மனப்பாடம் பண்ணச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தானே, யோசிக்கிறவனைக் கண்டால் திருடன் என்கிறீர்களே என்றேன். வெளியே வராந்தாவில் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். துரை என் பக்கம் திரும்பி, நாம் இன்றைக்குச் சோர்ந்திருக்கிறோம், வீட்டுக்குப் போகலாம் என்றார். சின்னப்பா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார். “விடுங்க மாஸ்டர். வேல போயிரும்” என்றார். அவருக்கு அந்த நேரத்தில் என் வேலையைப் பற்றிக் கவலை.

வாசலில் தாமோதரன் எங்களைத் தாண்டிப் போனார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். “எப்படியும் ஒருத்தருக்குத்தானே குடுப்பாங்க. கிராணிக்குக் கிடைச்சு என்ன பண்ணப் போறாரு? எனக்குன்னா பள்ளிக்கூடத்துக்கு ஆகும்” என்றார். இதைச் சின்னப்பாவை வைத்துக்கொண்டே சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாமோதரனுக்குப் பட்டம் வந்தது, மாலை போட்டோம். ‘போட்டோம்’ என்று சொல்வது பள்ளிக்கூடத்தை, நான் அன்றைக்கு லீவு. அவர் மேல் வகுப்புகளுக்கு வரலாற்று ஆசிரியரானார், எனக்கு மேலே. எனக்கு நன்னடத்தைச் சான்று தருவதாகத் துரை சொல்லி அனுப்பினார், சின்னப்பாவுக்கு முடியாது என்றார். நான் வாங்கிக்கொண்டேன். நான் ஒன்றும் பெரிய தியாகி இல்லை. மறுபடி எழுதினேன், தர்க்கத்தில் தோற்றேன். அரிசி மூட்டைக்கு நடுவே நடந்து நடந்து விளக்கிச் சொல்ல ஆள் இல்லாமல் அந்தப் பாடம் எனக்கு மண்டையில் ஏறவில்லை. இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை. சின்னப்பாவின் பெயர் எப்படியோ துரைமார் கிளப்பில் அடிபட்டு, பரீட்சையில் ஏமாற்றிய கிராணி என்று தோட்டத்துக்கும் போய்ச் சேர்ந்தது. ஆபீசிலிருந்து பால் நிறுக்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். ரப்பர் விலை சரிந்து ஆட்களை ஊருக்கு அனுப்பிய காலத்தில் அந்த வேலையும் போயிற்று. சேகு காக்கா கூப்பிட்டுத் தன் கடையில் கல்லாவில் உட்கார வைத்தார். நான் ஞாயிற்றுக்கிழமை போவதை விடவில்லை. புதிதாக ஏதாவது புத்தகம் கிடைத்தால் எடுத்துப் போவேன். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அவர் எழுந்து நடப்பார். மறுபடி எழுதலாமே என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். பிரெஸ்காட் துரை இருக்கும் வரை அது நடக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். துரை ஓய்வு பெற்றுக் கப்பலேறிய வருஷம் ஓடிப் போய்ச் சொன்னேன். “அந்த ஆளு எழுதி வச்சது போகுமா மாஸ்டர்?” என்று மட்டும் கேட்டார். போகவில்லை. ஏமாற்றியவர் என்று ஒருமுறை குறித்தது குறித்ததுதான் என்று புதிய தலைமையாசிரியர் கை விரித்துவிட்டார்.

ஒருநாள் ஜொகூர் பாருவில் இந்தியர் சங்க மண்டபத்தில் தாமோதரன் பி.ஏ. சொற்பொழிவு என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ‘மனிதனும் பொறுப்பும்’ என்பது தலைப்பு. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். சின்னப்பா கேட்க வேண்டும் என்றார். காக்காவிடம் சொல்லிவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ரயிலேறி வந்தார். இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.

தாமோதரன் நன்றாகப் பேசினார். பாதியில் தோட்டம் வந்தது, கண்டக்டர் வந்தார், கத்தி வந்தது. சொன்னவர் பாதி, வெட்டியவன் பாதி என்றார். அந்த ஆங்கில விடையைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி வைத்திருந்தார். சபை கைதட்டியது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. தலைவர், யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றதும் நான் எழுந்திருக்கப் போனேன். சின்னப்பா என் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டுத் தானே எழுந்தார்.

மரியாதையாகத்தான் கேட்டார். மாட்டேன் என்று சொல்கிறவனைக் குடும்பத்தோடு ரோட்டில் நிறுத்தலாம் என்றால், பாதி பொறுப்பு அவன் மேல் எப்படி வரும்? வராது என்றால் அவன் வெறும் கத்திதானா? இரண்டில் எது என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்று கேட்டார். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். இத்தனை வருஷத்தில் தாமோதரனுக்காவது விடை கிடைத்திருக்குமோ என்று ஒரு ஆசை அந்தக் குரலில் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தாமோதரன் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பார்த்தார். அடையாளம் தெரியாமல் இருக்க நியாயமில்லை, மண்டபம் சின்னது. புதிதாகப் பார்க்கிறவரைப் போலப் புன்னகையோடு கேட்டார்.

“நீங்க என்ன படிச்சிருக்கீங்க?”

“உங்ககூடத்தான் படிச்சேன்” என்றார் சின்னப்பா.

கடைக்காரர் ஒருவர் நல்ல வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்துச் சபை சிரித்தது. தாமோதரனும் சேர்ந்து சிரித்தார். மலர் போடுகிறவர்கள் போடட்டும், படம் திறக்கிறவர்கள் திறக்கட்டும். பொய் சொன்னதைக்கூட ஒருவேளை நான் மன்னித்திருப்பேன். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.